தொண்ணூற்றேழாம் படி

அவருக்குப் பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர் வேறு, வீட்டில் கூப்பிட்ட பெயர் "பாதி". பன்னிரண்டு வயதில் ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்து ஒரு கதவோடு நிறுத்தியபோது அப்பா வைத்த பெயர். அந்தக் கதவு இன்றைக்கும் பச்சை, பக்கத்துக் கதவு வெறும் மரம். அதன்பிறகு பாதி நீச்சல், பாதி தட்டச்சு, மூன்று தட்டோடு நின்றுபோன புத்தக அலமாரி. ஐம்பத்தோரு வயதில் அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிறார். நாற்பது ஆசிரியர்களை ஒருவர்மேல் ஒருவர் முட்டாமல் வகுப்புக்கு அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. போடுகிறவர் அவர், ஓடுகிறவர்கள் மற்றவர்கள். அதனாலேயே அந்த வேலை மட்டும் பாதியில் நின்றதில்லை.

அப்பா தன் பழைய காரை அவர் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு வரி: "இதையாவது முழுசா செஞ்சு காட்டட்டும்." உயிலில் எழுதுகிற வாக்கியமா இது? வக்கீல் அதையும் விடாமல் சத்தமாக வாசித்தார். அக்கா சிரித்துவிட்டாள். அவருக்குக் காது மடல் வரை சுட்டது.

கார் நின்றது அக்கா வீட்டு ஷெட்டில். பல் வைத்தியம் படித்த அவள் மகளுக்கு அங்கேதான் கிளினிக் வரவேண்டும். அக்கா ஒரு வருஷம் கெடு வைத்தாள். "அதுக்குள்ள வண்டி தானா ஓடி கேட்டைத் தாண்டணும். இல்லன்னா பழைய இரும்புக்காரரு வந்து தூக்கிட்டுப் போவாரு. தள்ளிட்டுப் போறதெல்லாம் செல்லாது, இப்பவே சொல்லிட்டேன்."

வேறொருவராக இருந்தால் அன்றைக்கே பானட்டைத் திறந்திருப்பார். இவர் அளவுகோலை எடுத்தார். டேஷ்போர்டில் கிடந்த கம்பெனிப் புத்தகத்தை ஐந்து மாதம் வரிவரியாகப் படித்து, நூற்று நாற்பத்திரண்டு படிகள் போட்டு, நான்கு சார்ட் தாள்களில் ஷெட் சுவர் முழுக்க ஒட்டினார். இன்ஜினுக்கு நீலம், பிரேக்குக்குச் சிவப்பு, சீட்டுக்குப் பச்சை. இன்ஜின் மூட்டுகளில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் செட் எங்கிருந்தோ கப்பலில் வரவேண்டும், அதற்கே ஏழு மாதம் ஆனது. அது வரும்வரை வண்டியில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தடை வேறு. அக்கா வாரம் ஒருமுறை அந்தத் தாள்களுக்குத் தூசி தட்டினாள்.

கேஸ்கெட் பெட்டி வந்து சேர்ந்தது கெடுவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக்கை வரச்சொன்னார். வந்தவர் கேஸ்கெட்டை எடுத்து இன்ஜின்மேல் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"சார், இது எந்த வண்டியோடது?"

"இதே வண்டியோடதுதான். புத்தகத்துல நம்பர் பாத்து வாங்கினது."

"புத்தகம் சரி சார். இன்ஜின்தான் இந்தக் காரோடது இல்ல. இது ஏதோ வேன் இன்ஜின். யாரோ மாத்தியிருக்காங்க."

சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அப்பாதான் மாத்தினாரு. நீ அன்னைக்குப் பரீட்சைக்குப் போயிருந்த."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு வருஷமா இதை ஏன்க்கா சொல்லல?"

"நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா? சுவத்துல ஒட்டின. நான் தொடச்சேன்."

அவர் சுவரிலிருந்து முதல் தாளைக் கிழித்தார். இரண்டாவதையும் கிழித்தார். ஆத்திரம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. சொல்லாமல் போன அப்பா, கேட்டால்தான் சொல்லும் அக்கா, மூடின பானட்டுக்கு முன்னால் ஒரு வருஷம் கலர் பென்சில் சீவிய தான், எல்லார்மேலும்தான். "காலையில அந்த இரும்புக்காரரையே வரச்சொல்லு. எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

மெக்கானிக் மூன்றாவது தாளை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். "சார், இதை ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"அது தொண்ணூத்தேழாவது படி."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் கருவிப் பையைத் திறந்தார். புது பேட்டரி, புது பிளக், ஒரு பாட்டில் பெட்ரோல். எண்ணெய் ஊற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், சக்கரங்களுக்குக் காற்றடித்தார், கைபிரேக்கை இழுத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம். பிறகு "ஏறுங்க சார்" என்றார்.

முதல் தடவை உறுமியது. இரண்டாவது தடவை இருமியது. மூன்றாவது தடவை ஷெட் முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு, மிச்சமிருந்த தாள்கள் படபடக்க, ஓட ஆரம்பித்தது. அவர் வாய்விட்டுக் கத்தினார். கியரைப் போட்டார், வண்டி முற்றத்தில் தவழ்ந்து கேட்டுக்குள் மூக்கை நுழைத்தது. முன்சக்கரங்கள் தெருவில் இறங்கின. அங்கே ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அடங்கிப்போனது.

சாவியை எத்தனை தடவை திருப்பியும் பலனில்லை. முன்பாதி தெருவில், பின்பாதி வீட்டுக்குள். பேருக்கு ஏற்ற மாதிரியே நின்றது சனியன். மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இன்னைக்கு இவ்வளவுதான் சார்."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஒரு வண்டியை ஒரு கேட்டைத் தாண்டவைக்க முடியவில்லை. இதற்கு மேல் ஒருவன் என்னதான் செய்வது?

வண்டி மெல்ல அசைந்தது. திரும்பிப் பார்த்தார். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் அக்கா டிக்கியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தள்ளினா செல்லாதுன்னு நீதானே சொன்ன? அப்பாவும் முழுசான்னுதானே எழுதியிருக்காரு?"

"அப்பா மட்டும் முழுசாவா செஞ்சாரு?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாதி கார், பாதி வேன். அதையேதான் முப்பது வருஷம் ஓட்டினாரு. இறங்கி வந்து தள்ளுடா. இரும்புக்காரருக்கு வரவேண்டாம்னு நான் போன் பண்ணிக்கிறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, அவள் பக்கத்தில் போய் நின்று தோள் கொடுத்தார்.