உருகாத கட்டி

கொக்கி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் அக்காவின் மூத்த மகனுக்குப் பெண் பேசிய அன்று.

"பேரு வேற என்னமோ, சித்தி. குப்பை பிரிக்கிற இடத்துல எல்லாரும் கொக்கின்னுதான் கூப்பிடுறாங்க," என்றான் அவன்.

மூட்டை இழுக்கும் கொக்கியைக் கையை விட்டு இறக்கவே மாட்டாளாம். இடுப்பில் கை வைத்த மேஸ்திரியின் உள்ளங்கையை அதாலேயே கிழித்துவிட்டாளாம்.

"சரியான ஜோடிதான். கட்டிக்கோ, கையை மட்டும் பாத்து வை," என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவனும் அவன் தம்பியும் பிளாஸ்டிக் உருக்கும் பட்டறை போட்டார்கள். மூத்தவன் மெஷின் ஓட்டினான், இளையவன் சரக்கு பிடித்தான், கொக்கி பிரித்துப் போட்டாள்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. பாக்கெட்டில் அடைத்து விற்கிறவன் காலி பாக்கெட்டைத் திரும்ப எடுத்து உருக்க வைக்க வேண்டும். உருகாததை உருகும் என்று அச்சடித்தால் தண்டனை. பிஸ்கட் கம்பெனி ஆள் ஒருவன் லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினான். வெளியே பளபளப்பு, உள்ளே வெள்ளித்தாள். மூத்தவன் தயங்கினான்.

"மீண்டும் உருக்கலாம்னு மேலயே போட்டிருக்கான். பொய்யா போடுவான்?" என்று கொக்கிதான் முதல் மூட்டையை இழுத்துக் கொட்டினாள்.

மெஷின் முக்கியது, முனகியது, அடைத்துக்கொண்டது. மூத்தவன் குனிந்து பார்த்தபோது குழாயின் வாய் வெடித்தது. கொதிக்கிற பிளாஸ்டிக் குழம்பு முகத்திலும் மார்பிலும் அப்பியது. பிய்த்த இடத்தில் தோலும் சேர்ந்து வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தான்.

கம்பெனி ஆள் துக்கம் விசாரிக்க வருவது போல வந்து இளையவனைத் தனியாகக் கூப்பிட்டான். "உங்க அண்ணன் குடிச்சிட்டு சூட்டை ஏத்திட்டாருன்னு சொல்லிடு. புது மெஷின் வாங்கித் தரேன்." மூத்தவன் இருமல் மருந்துக்கே முகம் சுளிப்பவன். இருந்தும் இளையவன் தலையாட்டினான்.

கொக்கி அழவில்லை. ஆறிப்போன மெஷினுக்குள் கொக்கியை விட்டு, அடைத்திருந்த கட்டியைப் பெயர்த்தெடுத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "அத்தை, அவரு குடிகாரர் இல்லன்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு," என்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள்.

சாவைப் பற்றி அதிகாரி வைத்த விசாரணைக்கு முந்தின நாள் மாலை, இளையவன் அவளைத் தேடி என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, அந்தக் கட்டியக் குடுத்துடுங்க. போன உயிர் போயிடுச்சு."

"அவரு பேரு இன்னும் போகல."

"பேரை வச்சு நாக்கு வழிக்கவா? குடுடி!"

'நீங்க' போய் 'டி' வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வயிற்றில் உதைத்தான். விழுந்தவளின் வலது கையைச் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான். விரல் எலும்பு முறிந்தது என் காதில் விழுந்தது. நான் கையில் கிடைத்த குடத்தை அவன் மண்டையில் போட்டேன். அவன் தள்ளாடியபோது, அவள் இடது கையால் கொக்கியை எடுத்து அவன் தொடையில் இறக்கி இழுத்தாள். சதை கிழிந்து தொங்கியது. அவன் "சித்தி, சித்தி" என்று அலறினான்.

"இப்பத்தான் சித்தி நெனப்பு வந்துச்சா? வெளிய போடா," என்றேன். ரத்தத்தைக் கழுவுவதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது.

மறுநாள் அவள் கைக்கட்டோடு கட்டியைக் கொக்கியில் மாட்டி, விசாரணை அறைக்குள் இழுத்துக்கொண்டே போனாள். அப்படியே தூக்கி அதிகாரியின் மேஜையில் போட்டாள். மேஜைக் கண்ணாடி நொறுங்கியது. கம்பெனி ஆள், "பொம்பளையா இது, பேயா?" என்று எழுந்தான்.

"உக்காருடா. நீ அச்சடிச்சதத்தான் கொண்டாந்திருக்கேன்." கொக்கியின் முனை அவன் தொண்டைக்கு நேராக நின்றது. உட்கார்ந்தான்.

அதிகாரி கட்டியைச் சுரண்டிப் பார்த்தார். வெள்ளித்தாள் உருகாமல் கருகியிருந்தது. ஒரு துண்டில் 'மீண்டும் உருக்கலாம்' என்ற எழுத்து அப்படியே இருந்தது. அதை அவர் வாய்விட்டுப் படித்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் மூட்டை அவள் கொட்டியதல்லவா.

மூத்தவன் குடித்திருந்தான் என்று யாரும் எழுதவில்லை. கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். பாக்கெட் இன்றும் விற்கிறது, அந்த எழுத்து மட்டும் இல்லை. இளையவன் நொண்டுகிறான், என் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

கொக்கி இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடையில் மூட்டை இழுக்கிறாள், இடது கையால்.