மூன்று நாள் பொறுத்திருக்கலாம்

தங்கையின் கல்யாணப் பத்திரிகையைத் தமிழில் அடிக்க வேண்டியிருந்தது. தமிழ் படிப்பேன், கையால் எழுதுவேன். கணினியில் அடிக்க எனக்கு வராது. டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு என்பதை நினைத்தால் இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

அங்கே ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி பார்த்த சேலத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஜுக்கி என்கிற குடிசைப் பகுதியில் வீடு. அவருடைய அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவரைப் படிக்க வைத்திருந்தார். இப்போது இந்தப் பெண்மணியின் சம்பளத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட பென் டிரைவ்ல தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் இருக்குதுங்க சார், நாளைக்கே அடிச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

வெளி பென் டிரைவ் போடக் கூடாது என்று விதி. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவனே நான்தான். அவருக்காகத் தடையை நீக்கிக் கொடுத்தவனும் நான்தான். பத்திரிகை அருமையாக வந்தது.

இரண்டு நாள் கழித்து வைரஸ் தடுப்பு மென்பொருள் அவர் கணினியில் சிவப்புக் கட்டம் காட்டியது. பாஸ்வேர்டு திருடும் நிரலாம். எந்த விசையை அழுத்துகிறோம் என்று கவனித்துத்தான் தமிழ் கீபோர்டு எழுத்தை மாற்றிப் போடும். திருட்டு நிரலும் விசைகளைத்தான் கவனிக்கும். மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சோதித்துச் சொல்லும்படி மென்பொருள் கம்பெனிக்குக் கோப்பை அனுப்பினேன்.

அதற்குள் எச்சரிக்கை மேலதிகாரிக்கும் போய்விட்டது. பென் டிரைவ் போட்டது யார் என்று இந்தியில் கேட்டார். அந்தப் பெண்மணியின் பெயரைச் சொன்னேன். நான் கேட்டுத்தான் போட்டார் என்பதை மறைத்துவிட்டேன். அவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

மாலையில் அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். என் மேஜையைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும். நான் ஃபைலில் இருந்து தலையைத் தூக்கவில்லை. கோழைப் பயல் நான்.

மூன்றாம் நாள் பதில் வந்தது: தவறான எச்சரிக்கை, திருத்திவிட்டோம். அதிகாரியிடம் காட்டினேன். "அச்சா" என்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. வைரஸ் கொண்டுவந்தவர் என்று பேராகிவிட்டதால் அவரை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்தக்காரரும் வேறெங்கும் அனுப்பவில்லை.

இப்போதெல்லாம் சிவப்புக் கட்டம் வந்தால், அந்தக் கணினியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு பதில் வரும்வரை யார் பேரையும் சொல்வதில்லை. அதனால் அவருக்கு என்ன பிரயோஜனம்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் அவருக்குப் போன் செய்யத் தைரியம் வந்தது. அம்மாவோடு அவரும் வீட்டு வேலைக்குப் போகிறாராம். அது வைரஸே இல்லை என்றேன்.

"அன்னிக்கே தெரியுங்க சார்" என்றார். "யாருக்காகப் போட்டேன்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. எனக்காகத்தான்னு சொல்லிட்டேன். கல்யாண வீடு, உங்க வேலைக்கு எதுனா ஆயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு."