வெள்ளிக்கிழமை எக்லி

லுசேர்ணில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர், ஹோட்டல் குசினியில் சாலட் வெட்டுகிறவர், பழைய படகொன்றை வாங்கிய நாளிலிருந்து கப்பல் தலைவர் மாதிரி நடந்து திரிந்தார். அவருடைய குசினியில் வேலைக்கு ஓரிடம் காலியாக இருந்தது. ரெனானில் துப்புரவு வேலையும் ஓல்டனில் பொதி ஏற்றும் வேலையும் போய், ஒருவனுடைய அறையில் தரையில் படுத்திருந்த எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை செஃபுக்கு லீவு. வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறன். நானே பிடிச்ச எக்லியைப் பொரிச்சு வைச்சிட்டு உன்ரை வேலைக் கதையை எடுக்கிறன்" என்றார். அந்த வெள்ளி காலை என்னையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனார்.

எக்லி உள்ளங்கை நீளத்தில் வரிபோட்ட ஏரி மீன். எஞ்சினை நிறுத்தி, சின்னத் தூண்டில்கள் கோத்த நூலை அடிவரை இறக்கிவிட்டு, காற்று தள்ளுகிற பக்கம் படகைப் போகவிட வேண்டும். கூட்டத்தின் மேலாகப் போகும்போது கடிக்கும். பொறுமையாக இருப்பதுதான் வேலை. செஃப் பார்க்கிறாரோ என்று எந்நேரமும் கையை ஆட்டிப் பழகிய அண்ணையால் அது முடியவில்லை. நூல் துடித்தவுடன் எஞ்சினைத் தட்டினார்.

"ஏன் அண்ணை?"

"கடிச்ச இடத்தை விட்டிட்டுப் போகுது பார். திருப்பிக் கொண்டு போறன்."

"சத்தத்துக்கு எல்லாம் ஓடியிடும்."

"நீ எத்தினையாம் வகுப்பு வரை படிச்சனி?"

"எட்டு."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு. நான் இதுக்குச் சோதினை எழுதிப் பாஸ் பண்ணினனான்."

பக்கத்துப் படகில் மிதந்துகொண்டே மீன் தூக்கிய சுவிஸ்காரர் எங்கள் சத்தத்துக்குத் தலையில் கை வைத்தார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து அண்ணை கையசைத்தார்.

பிறகு பெற்றோல் முடிந்தது. வேறு வழியில்லாமல் படகு தன்பாட்டில் போனது. ஒரே நூலில் இரண்டு, மூன்று என்று எக்லி ஏறியது. அவர் கழற்ற, நான் தலையில் தட்டி வாளியில் போட்டேன்.

"பாத்தியோ என்ரை ரெக்னிக்கை?" என்றார். கரைவரை துடுப்பு வலித்தது நான்.

வாசலில் அவர் மனைவி வாளியை எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. அதுதானே செஃப் வாறார்."

"வெள்ளியிலை இந்த வீட்டிலை மீன் சட்டி எப்பவாவது அடுப்பிலை ஏறினதோ? நான் மரக்கறி சமைச்சாச்சு. படகு வாங்கினவுடன சாமியும் மறந்து போச்சோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லியிருக்கலாமேடா."

கிழமை பார்த்துச் சாப்பிடுகிற வசதி எனக்கு இருந்ததில்லை.

செஃப் வந்து, பருப்பைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். வாளி பல்கனியில் கிடந்தது. மீனைத் தட்டில் வைக்க முடியாத அண்ணை அதை வாயால் பரிமாறினார்: எவ்வளவு பெரிது, காற்றை எப்படி அறிந்தார், கையை எப்படிச் சுண்டினார். மேசைக்குக் கீழே அவர் காலைத் தட்டினேன். "இவர் துடுப்புப் போட்டவர்" என்று ஜெர்மனில் சொன்னார். என் கதை அவ்வளவுதான். செஃப் கைகொடுத்துவிட்டுப் போனார்.

"ஐயோ, மறந்திட்டனடாப்பா. அடுத்த வெள்ளியும் கூப்பிட்டு, கட்டாயம் கதைக்கிறன். எக்லியோட."

"ஓம் அண்ணை" என்று வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

அறைக்குப் போய் மஞ்சளும் உப்பும் போட்டுப் பொரித்து, தரையில் இடம் தந்தவனும் நானும் தின்று முடித்தோம். நல்ல மீன், அதைக் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை, பொதி ஏற்ற மறுபடி ஆள் எடுக்கிறார்களோ என்று பார்க்க ஓல்டனுக்கு ரயில் ஏறினேன்.