மீன்கண்

ராயபுரத்தில் ஒரு பெண்ணின் அடுப்பு இடம்பெயர்ந்ததற்கு நான்தான் காரணம். பழி மீன்மீது விழுந்தது. மீன் வாய் திறந்து பேசாது, என்னால் பேச முடியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, கார் பட்டறை ஒன்றில் வெள்ளைக்கார ஃபோர்மனிடம் வேலை கற்றவர். ஃபோர்மன் கப்பலேறிச் சீமைக்குப் போனபின், எங்கள் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, கார்களின் மட்கார்டுக்கும் கதவுக்கும் லாக்கர் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார். துப்பாக்கி போன்ற கருவியில் பெயிண்டை ஊற்றிக் காற்றால் பீய்ச்சும் வேலை. மாதா கோயிலில்கூட அவருக்கு அவ்வளவு பக்தி வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தகரத்தைத் தேய்ப்பார். தூசி எழாமல் தரையை நனைப்பார். கடற்காற்றின் ஈரம் பட்டால் லாக்கர் வெளுத்துவிடும் என்று முற்பகலிலேயே அடித்து முடிப்பார். அடிக்கும்போது மூச்சு விடமாட்டார், கை நிற்காது. மெல்லிய பூச்சின்மேல் மெல்லிய பூச்சு. காய்ந்து மெருகேற்றியதும் அதில் குனிந்து தன் மீசையைப் பார்ப்பார். மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் வேலை முடிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், அப்பாவுக்குச் சொந்தமான குடிசையில் வறுவல் அக்கா தனியாக இருந்தாள். துறைமுகத் தொழிலாளர்களின் பகல் சோற்றுக்கு மீன் பொரித்து விற்பாள். அவளுக்கு அதுதான் பிழைப்பு.

ஒரு மரவாடிக்காரரின் கறுப்புக் கார் வந்தது. மகள் கல்யாணத்துக்கு அதில்தான் ஊர்வலம். மாமா மட்கார்டைத் தேய்த்து வைத்துவிட்டு, “தொட்டா கைய ஒட்ச்சிடுவேன், மருமவனே” என்று சொல்லிப் பெயிண்ட் கலக்கப் போனார். அன்று எனக்கு எண்ணெய்க் குளியல். அம்மா தலையில் எண்ணெய் வைத்து ஊற விட்டிருந்தாள். சும்மா ஊற முடியவில்லை. தேய்த்த மட்கார்டு பூனையின் வயிறுபோல வழுவழுவென்றிருந்தது. மேலிருந்து கீழாகத் தடவினேன். கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன். பிறகு சட்டையால் துடைத்துவிட்டு வெளியே ஓடினேன். தடம் ஏதும் தெரியவில்லை.

மாமா பெயிண்ட் அடித்தார். பளபளவென்று படிந்த கறுப்பு, கண் எதிரே விலகி விலகி, நான் தடவிய வழியெல்லாம் வட்ட வட்டமான சிறு குழிகளாயிற்று.

“ஐயோ, மீன்கண்ணு!” என்று மாமா அலறினார்.

பெயிண்டில் வரும் அந்தக் குழிகளுக்கு ஃபோர்மன் சொல்லிக்கொடுத்த பெயர் அது. எண்ணெய்ப் பசை இருந்தால் வரும் என்பதையும் அவர் சொல்லியிருப்பார்; ஆனால் இங்கிலீஷில் சொல்லியிருப்பார். மாமாவுக்குப் பிடிபட்டது பெயர் மட்டும். அந்த நேரம் பார்த்துச் சுவரைத் தாண்டி சங்கரா மீன் பொரியும் வாசனை வந்தது.

மாமா சுவரில் ஏறினார். “இன்னாம்மே, உன் மீனு என் மட்கார்டுல வந்து குந்திக்கினு முயிச்சி முயிச்சி பாக்குது!”

“தலைய வெட்டிட்டுத்தான் நைனா பொரிக்கிறேன். அதுக்கு ஏது கண்ணு?”

“வெட்ன தலை எங்க?”

“உங்க வூட்டுப் பூனைதான் துன்னுது.”

“ஆங், அப்டி வா வயிக்கு!” என்றார் மாமா, வழக்கே தீர்ந்ததுபோல.

வழக்கு அப்பாவிடம் போனது. கார் போகும்வரை அக்கா ரயில்வே கேட் பக்கம் அடுப்பை வைத்துக்கொள்ள வேண்டும், எங்கள் வீட்டிலும் மீன் கூடாது என்று தீர்ப்பானது. தீர்ப்பளித்தவரே கத்தரிக்காய்க் குழம்பின் முன் உட்கார்ந்து, அதைத் தன் மைத்துனரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மாமா மறுபடி தேய்த்து அடித்தார். நான் கிட்டே போகவில்லை. மீசை, மயிர் மயிராகத் தெரிந்தது. மீன் குற்றவாளி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கார் போயிற்று; அடுத்த கார் வரும் என்று மாமா தடுத்ததால் அக்காவின் அடுப்பு திரும்பவில்லை.

கேட் அருகே காற்று, எண்ணெயில் மணலை வாரிப் போட்டது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு இடம் தெரியவில்லை. ஒருநாள் காற்றில் சீறிய தீயில் அக்காவின் முன்கை வெந்தது. நான் பார்க்கப் போனபோது துணி சுற்றிய அந்தக் கையால் எனக்கு ஒரு வால் துண்டு கொடுத்தாள், காசு வாங்காமல். அது தொண்டையில் சிக்கியது என்று எழுத ஆசைதான். சிக்கவில்லை. ருசியாக இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் கையால் சொன்னேன். அடுத்து வந்த காரின் கதவை மாமா தேய்த்து வைத்ததும், உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் தடவி, கதவின் நடுவே பதித்து அழுத்தினேன். மீனே இல்லாமல் மீன்கண் வந்துவிட்டால் அக்கா குற்றமற்றவள் ஆகிவிடுவாள் என்பது என் கணக்கு.

வந்தது. ஆனால் ஐந்து விரலோடு வந்தது. மாமா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பிடித்து மோந்தார். காதைத் திருகியபடியே கேட்டுக்கு இழுத்துப் போனார்.

“மீனு இல்லம்மே, இந்தப் பையன்தான். எண்ணெக் கையோட தொட்டுக்கீறான். நீ வா, அடுப்ப அங்கியே போட்டுக்க.”

அக்கா என்னை முறைத்தாள். “கஸ்மாலம்! வாய மூடிக்கினு என் வாலைத் துன்னியே!” பிறகு மாமாவிடம் திரும்பினாள். “நான் இன்னாத்துக்கு வரணும்? இப்பத்தான் ரயில்வே ஆளுங்க பயகியிருக்காங்க. கேட்டு மூடுனா ரெண்டு பக்கமும் கூட்டம். துன்னணும்னா நீ வா.”

நான் செய்த பரிகாரம் இப்படி யாருக்கும் உதவாமல் போயிற்று. அக்காவின் கையில் தழும்பு நின்றுவிட்டது. பின்னாளில் அதே கைதான் எங்கள் வீட்டில் எனக்குச் சோறு போட்டது. ஒவ்வொரு கவளத்திலும் அந்தத் தழும்பைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டபோதெல்லாம், “துன்னுடா” என்று மட்டும் சொல்வாள்.

வீட்டில் மீனுக்கு இருந்த தடை அன்றே நீங்கியது. ஆனாலும் மாமா தினம் மதியம் கேட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டார். போகுமுன் காய்ந்த கதவிலோ மட்கார்டிலோ வெகுநேரம் குனிந்து மீசையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். வேலை சுத்தமாக வந்திருக்கிறதா என்று சோதிக்கிறார் என்றுதான் அவர்கள் கல்யாணம்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.