சீர்த் தட்டில் ஏறிய பன்ச்

ஸ்டீலைக் காய்ச்சிக் கடினமாக்கும் எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் ஃபர்னஸைவிடச் சீக்கிரம் சூடாகிறவர் முதலாளி தங்கவேலுதான். அவருடைய மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், காரமடை ரங்கசாமி கொடுத்திருந்த பன்ச் எங்கள் மானத்தை வாங்கியது. மோட்டாருக்குத் தகடு வெட்டும் பன்ச் அது. ரங்கசாமி தன் கையால் செய்தது. அது வீணானால் இன்னொன்று செய்ய அவகாசமில்லை, அவர் ஆர்டரே போய்விடும்.

ஹார்ட்னஸ், அதாவது கடினத்தின் அளவு, அறுபதுக்குக் குறையக் கூடாது. காய்ச்சி ஆயிலில் முக்கிக் குவென்ச் செய்து பார்த்தால் ஐம்பத்தேழைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

"கல்யாணம் முடியற வரைக்கும் கெடக்கட்டும் அம்மணி, தானா ஏறிக்கும்" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சிய ஸ்டீலுக்குள் இருப்பது ஆஸ்டினைட். அதைச் சட்டென்று குளிரவைத்தால், ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்கும். அதுதான் கடினமானது. குளிரக் குளிரத்தான் மாறும், குளிர்வது நின்றால் மாற்றமும் நின்றுவிடும். இந்த ரக டூல் ஸ்டீலில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகும் கொஞ்சம் ஆஸ்டினைட் மிச்சம் இருக்கும். நாள் கடத்தினால், பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்ட சொந்தக்காரர் மாதிரி அது அசையவே அசையாது. உடனே இன்னும் குளிரவைக்க வேண்டும்.

அவ்வளவு குளிருக்கு எங்கே போவது? கல்யாணம் நடக்கும் ஆர்.எஸ்.புரம் மண்டபத்துக்கு ஐஸ்கிரீம்காரர், சாதாரண ஐஸைவிடப் பல மடங்கு குளிரான ட்ரை ஐஸ் கொண்டுவருவது நினைவுக்கு வந்தது. பன்ச்சோடு போய் அவர் கையைக் காலைப் பிடித்து, ஒரு பெட்டியில் புதைத்துவிட்டேன். சாயங்காலம் வெளியே எடுத்துப் புதுத் துண்டில் சுற்றினேன். கனம் தாங்காமல் பக்கத்து அறையில் கிடந்த தாம்பாளத்தில் வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனேன்.

அது சீர்த் தட்டு வைக்கும் அறை. அங்கே இருக்கிற தட்டில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று பெண்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது பன்ச் மேடையில் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா துண்டை விலக்கினார். உறைபனி படிந்து வெள்ளை வெளேரென்று இருந்தது, புகை வேறு.

"வெள்ளிங்களா சம்பந்தி?" என்று மெல்லக் கேட்டார்.

விருந்தாளியாக முன்வரிசையில் இருந்த ரங்கசாமி எழுந்துவிட்டார். "ஏனுங்க, அது என்ற பன்ச்சுங்க."

நான் மேடையேறி விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா தட்டை விடவில்லை.

"சீர்ல வந்தத திருப்பிக் குடுத்தா ஆகாதுங்க."

ரங்கசாமியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதலாளி என்னை முறைத்துக்கொண்டே உள்ளே போய், தன் வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளிக் குடத்தை எடுத்து வந்து அந்தத் தட்டில் வைத்தார். அதன் பிறகே பன்ச் விடுதலையானது. பட்டறைக்கு ஓடி டெஸ்ட் பண்ணினால் அறுபத்திரண்டு. கூடவே வந்த ரங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டார், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக, ஸ்டீல் சும்மா கிடந்தால் மாறாது, குளிர்ந்தால்தான் மாறும். சம்பந்தியம்மா மனசு மாற மட்டும் வெள்ளிக் குடம் தேவைப்பட்டது.