ஓடையைத் தாண்டும் கால்கள்

நசரத்பேட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி ஓடைக்கு வருகிறேன். பள்ளிக்கூட நாட்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை போவோம். இப்போது அங்கே ஒரு சிறுபாலம் நிற்கிறது. ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் வந்த இன்ஜினியர்கள், ஊர்க்காரர்களோடு சேர்ந்து கட்டிய பாலம். இன்று திறக்கிறார்கள்.

ஜல்லி சுமந்த கன்னியம்மா அக்காவை முதலில் நடக்கச் சொல்கிறார்கள். அவர் பாலத்து முனையில் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிறார். புடவையையும் தூக்கிச் செருகுகிறார்.

"இது கோயில் இல்லக்கா, செருப்போடயே போங்க" என்கிறேன்.

"தண்ணி கீழ போவுதுன்னு எனக்குத் தெரியுது நைனா. காலுக்குத் தெரியலியே, இன்னா பண்றது?"

சிரித்துக்கொண்டே அவர் பின்னால் நடக்கிறேன். அக்கரை சேர்ந்ததும்தான் கவனிக்கிறேன், என் செருப்பும் என் கையில் இருக்கிறது.