வாடகைக்கு வந்த நாற்காலிகள்

போன வருடம் ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் நடந்தது. வண்டிகளுக்குப் போகும் ரப்பர் வளையங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிசிறு உள்ளதை ஒதுக்குவது எங்கள் செக்கிங் பிரிவின் வேலை. எல்லோரும் பெண்கள். காலையில் மேஜை முன்னால் நின்றால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிற்க வேண்டியதுதான். உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் பிசிறு கண்ணில் படாது என்பது எங்கள் சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. அதை அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்.

என் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கும்போதே கால் வீங்கியிருக்கும். ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று அவளும் கேட்டாள், அவளுக்காக நானும் கேட்டேன். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பீர்கள் என்றார் சூப்பர்வைசர். ஒருநாள் முடியாமல், வளையங்கள் வரும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் வந்து நின்ற தோரணையைப் பார்த்து அவளாகவே எழுந்துவிட்டாள். சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வயிறு தெரிகிறதா இல்லையா, அதைக்கூடவா சட்டம் வந்து காட்ட வேண்டும்?

இந்தக் கம்பெனிக்குத்தான் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் வரப்போகிறார்கள் என்றார்கள். நம் ஊரில் தொழில் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துப் படிக்க வருகிறார்களாம். உடனே சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், வாசலில் பெரிதாகக் கோலம் போடச் சொன்னார்கள். வருகிற அன்று காலையில் சாமியானா கடை வண்டியிலிருந்து நாற்காலிகள் இறங்கின. கல்யாண மண்டபத்தில் வெள்ளை உறை மாட்டி, முதுகில் ரோஸ் ரிப்பன் கட்டிப் போடுவார்களே, அதே நாற்காலிகள். ரிப்பனைக் கழற்றக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. யாராவது கேட்டால் இவை எப்போதும் இங்கேதான் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும் என்றார் சூப்பர்வைசர்.

என் பக்கத்துப் பெண் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

ஆனால் அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் மேஜைகள் நின்று வேலை செய்வதற்காகப் போட்டவை. நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜை எங்கள் மோவாய் உயரத்துக்கு வந்தது. பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்த குழந்தைகள் மாதிரி, கையை மேலே தூக்கிக்கொண்டு பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம்.

மாணவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார்கள், எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஓர் உயரமான பெண் மட்டும் எங்கள் மேஜையருகே நின்று, குனிந்து மேஜையையும் எங்கள் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூட வந்த ஆபீஸ் மேடத்திடம் ஏதோ கேட்டாள். இந்த நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று கேட்கிறாள் என்று மேடம் எங்களிடம் சொன்னார்.

பக்கத்துப் பெண் யோசிக்கவே இல்லை. "இன்னிக்குத்தாங்க உக்காந்துகினு கீறேன்" என்றாள்.

மேடம் சிரித்தபடி அதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் பத்தாவது வரைதான். ஆனால் "வெரி ஹேப்பி" என்பது எனக்கும் புரியும். அந்த உயரமான பெண் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி வாய் திறந்து தன் கஷ்டத்தைச் சொல்கிறாள், அதை அவள் முன்னாலேயே நன்றியாக மாற்றி வழியனுப்புகிறார்கள்.

அவர்கள் வேன் தெருமுனை திரும்பியதுமே சூப்பர்வைசர் கையைத் தட்டி எல்லோரையும் எழுப்பினார். சாமியானா கடை ஆள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, சீக்கிரம் கொடுங்கள், அடுத்து திருவேற்காட்டில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் மேஜைக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. என் பக்கத்துப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். "அவ எழுந்திருக்க மாட்டா சார். வேணும்னா என்னிய வேலைய வுட்டு அனுப்புங்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எழுந்து நின்ற மற்ற பெண்களும் திரும்ப வேலையைத் தொடவில்லை.

சூப்பர்வைசர் என்னை விட்டுவிட்டு, எடுத்துக்கொண்டு போப்பா என்று அந்த ஆளை அதட்டினார். சாமியானா ஆள் அசையவில்லை. "அது கெடக்கட்டும் சார். ஒண்ணு ஒடைஞ்சி பூட்ச்சுன்னு எங்க ஓனராண்ட சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு இவளிடம், "நீ உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டு போனார். வெளி ஆளே விட்டுவிட்டுப் போனபின் சூப்பர்வைசரும் உள்ளே போய்விட்டார்.

கிரேட்டைக் கவிழ்த்து அவள் முன்னால் போட்டு, அதன்மேல் வளையங்கள் உள்ள ட்ரேயை வைத்தோம். பிரசவ லீவில் போகும்வரை அந்த ரிப்பன் நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தாள். ஒரு பிசிறையும் தவறவிடவில்லை, தூங்கவும் இல்லை. அவள் போன மறுநாள் நான் உள்ளே வருகிறேன், அதே நாற்காலியில் சூப்பர்வைசர் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இன்றும் நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறோம். கால் மரத்துப்போகும் நேரத்தில் எல்லாம் அந்த மாணவர்கள் ஊருக்குப் போய் எங்களைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கேயோ ஒரு நாட்டில், யாரோ படிக்கும் அந்தப் பாடத்தில், நாங்கள் எல்லோரும் இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறோம்.